இரண்டு கையையும் விரித்தால் நிறுத்த வேண்டும்

புதிதாகக் கிரேனில் ஏறப்போகிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். லீவரை எப்படிப் பிடிப்பது, காற்று எவ்வளவு அடித்தால் வேலையை நிறுத்துவது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் கிரேன்களில் திரை இருக்கிறது, கமரா இருக்கிறது, குளிரூட்டி இருக்கிறது. அவை எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது என்னுடைய கொதி மட்டும்தான். சின்ன விஷயத்துக்கும் கொதித்து எழும்புகிற ஆள் நான். திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டினேன். அந்தக் கொதியால் ஒரு ஆளின் கால் போனது. இயந்திரத்தில் ஒரு பிழையும் இருக்கவில்லை. அதைத்தான் எழுதப்போகிறேன். நயமாக எழுத எனக்கு வராது.

முதலில் ஒரு விதி. உங்களுக்கும் சொல்லித்தந்திருப்பார்கள். கீழே கை காட்டுவதற்கென்று ஒரு ஆள் நிற்பார். தூக்கு, இறக்கு, இடது, வலது எல்லாம் அவர் காட்டினால் மட்டும்தான். வேறு யார் காட்டினாலும் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரே ஒரு சைகைக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்தால் நிறுத்த வேண்டும். அதை யாரும் காட்டலாம். லொறிக்காரன் காட்டலாம், கப்பல் நிற்கிற ஜெட்டியைக் கூட்டுகிறவர் காட்டலாம், தேத்தண்ணி கொண்டுவருகிறவர் காட்டலாம். அவர் காட்டினது சரியா பிழையா என்பதை நிறுத்தின பிறகுதான் கேட்க வேண்டும்.

பரீட்சையில் இதற்கு நான் சரியாகப் பதில் எழுதினேன். வேலையில் கோட்டை விட்டேன்.

எங்கள் ஜெட்டிக்குப் புதுக் கிரேன் ஒன்று வந்த வருடம் அது. அதை ஓட்டப் பழக்குவதற்கு மூன்று பேரைத் தெரிவு செய்து பலகையில் பெயர் ஒட்டினார்கள். மூன்று பேரும் எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். ஒருவனுக்கு ஏணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று காட்டிக்கொடுத்தவனே நான்தான். அந்தக் கிரேன் எனக்கு வேண்டும் என்று ஒரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் மனைவியிடம் நிச்சயம் எனக்குத்தான் என்றும் சொல்லிவிட்டேன். பலகையில் என் பெயர் இல்லை. நேரே போய் என்னுடைய பழைய கிரேனில் ஏறினேன்.

அன்றைக்கு உரக் கப்பல். ஒரு தொன் உரம் பிடிக்கிற பெரிய பைகள். கப்பலிலிருந்து தூக்கி ஜெட்டியில் நிற்கிற லொறியில் வைக்க வேண்டும். கீழே கை காட்டியது தவம். குச்சவெளியிலிருந்து விடியற்காலைப் பஸ்ஸில் வருகிற ஆள், அளவாகத்தான் கதைப்பார். லொறித் தட்டில் நின்று கொக்கியைக் கழற்றுகிறவர்களில் ஒருவன் சலீம். கிண்ணியாக்காரன், வேலைக்கு வந்து நாலைந்து மாதம்தான்.

பை அந்தரத்தில் வந்துகொண்டிருக்கும்போது சலீம் இரண்டு கையையும் விரித்தான்.

நிறுத்தினேன். பை ஆடியது. கப்பலில் நின்ற அதிகாரி கத்தினான். பின்னால் நின்ற லொறிகள் ஹோர்ன் அடித்தன. சலீம் பையின் அடிப்பக்கத்தைக் காட்டினான். தவம் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று தலையாட்டினார். பையில் ஒட்டியிருந்த ஒரு பொலித்தீன் துண்டு காற்றில் தொங்கியிருக்கிறது. பை கிழிந்து உரம் கொட்டப்போகிறது என்று அவன் நினைத்திருக்கிறான். அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு ஏணியால் இறங்கினேன். பாரம் தொங்கும்போது இருக்கையை விட்டு எழும்பக் கூடாது. அதற்கே என்னை வேலையால் நிறுத்தியிருக்க வேண்டும். நேரே சலீமிடம் போனேன்.

"என்னடா கண்டனி?"

"பை கிழிஞ்ச மாதிரி இருந்திச்சு அண்ணன்."

"மாதிரியோ? வீதியில மாடு மறிக்கிறவன் மாதிரி ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்கிறாய். இது ஜெட்டி. மாடு மறிக்கிறதெண்டா வீட்டை போய் மறி."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணியது. போர்மன் வந்து, "காணும் கத்தினது, ஏறு மேல," என்றார். ஏறினேன். அன்று பின்னேரம் வரை மனம் நல்ல லேசாக இருந்தது. இதை மறைக்க மாட்டேன். பலகையில் என் பெயரைப் போடாதவனுக்குச் சொல்ல வேண்டியதை லொறித் தட்டில் நின்றவனுக்குச் சொல்லிவிட்டு லேசாகிப்போனேன். அந்த நேரம் அது எனக்கு விளங்கவில்லை. வேலை தெரியாத ஒருவனைத் திருத்திவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. இதைக் கவனமாக வாசியுங்கள். கோபத்தில் செய்ததற்குத் தண்டனை அந்த நேரமே கிடைத்தால் மனிசன் திருந்திவிடுவான். அது கிடைக்காது. வேலை ஒழுங்காகத்தான் போனது. யாரும் கை விரிக்கவில்லை. என்னுடைய கிரேனுக்குக் கீழே வேலை தெரிந்தவர்கள் நிற்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன்.

விபத்து நடந்த அன்று எனக்குக் கோபமே இல்லை. நல்ல வெயில், காற்றில்லை. கனடாவிலிருந்து மகள் முதல்நாள் தொலைபேசியில் கதைத்திருந்தாள். மதியத்துக்கு முன்னம் ஒரு பையை லொறிக்கு மேலே கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தேன். தட்டில் நின்றது யோகன், பாலையூற்றில் எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற ஆள். ஏற்கெனவே வைத்த இரண்டு பைகளுக்கு நடுவில் அவனுடைய வலது கால் இறங்கி இறுகிவிட்டது. லொறியின் மற்றப் பக்கத்தில் நின்ற தவத்துக்கு அவனுடைய தலையும் தோளும்தான் தெரிந்தன. எனக்குத் தொங்குகிற பை மறைத்தது. தவம் இறக்கு என்று காட்டினார். நான் இறக்கினேன்.

அடுத்த லொறியின் தட்டில் தன் முறைக்குக் காத்துக்கொண்டு சலீம் நின்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்தது. அவனுடைய கைகள் மேலே வந்தன. நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றன. அதற்குமேல் போகவில்லை, விரியவுமில்லை. ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டான்.

மேலிருந்து நான் அதைக் கண்டேன். கண்டும் லீவரை விடவில்லை. சைகை முழுமையாக இல்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. பிறகு யோகன் கத்தியது கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவனுடைய பாதத்தில் பாதியை எடுத்தார்கள். பூட்ஸ் போட்டிருந்தும் அவ்வளவு. லொறித் தட்டில் நின்று வேலை செய்ய இனி ஏலாது என்று எழுதிக்கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகளின் தகப்பன்.

விசாரணை வைத்தார்கள். கை காட்டியவர் நின்ற இடம் பிழை என்று முடிவெடுத்தார்கள். தவத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். யாராவது நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார்களா? இல்லை என்றேன். சொல்லளவில் அது உண்மை. சலீமிடமும் அதே கேள்வி. "இல்ல சேர்," என்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தவத்தின் கடிதத்தில் எனக்கும் பங்கு இருந்தது. அந்த அறையில் நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வெளியே தண்ணீர்க் குழாயடியில் சலீமைப் பிடித்தேன்.

"நீ கண்டனி. ஏன் காட்டேல்ல?"

அவன் முகத்தைக் கழுவித் துடைத்து முடித்தான். பிறகு சொன்னான்.

"நான் மாடு மறிக்கிறவன்தானே அண்ணன்."

போய்விட்டான். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. யோகனின் கால் போனது ஒரு பக்கம். நாளைக்கு இன்னொரு ஆள் பைக்குக் கீழே போனாலும் எனக்கு ஒருவரும் சொல்லப்போவதில்லை என்பது மற்றப் பக்கம். கீழே பதினைந்து பேர் நிற்கிறார்கள், முப்பது கண். அவற்றை நானே பொத்திவிட்டு ஒரு ஆளின் கையை மட்டும் நம்பி ஒரு தொன்னைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். எப்படியாவது அவர்கள் திரும்பக் கை விரிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. "பயப்பிடாமக் காட்டுங்கோ" என்று ஒரு காலைக் கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். யாரும் காட்டவில்லை.

மேலே இருக்கிறபடியால்தான் நான் தனி என்று வருடக்கணக்கில் நினைத்திருந்தேன். கிரேனுக்குள்ளேயே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவேன். இறங்கி ஏற நேரம் போகும் என்று சாட்டுச் சொல்வேன். இப்போது வேண்டுமென்றே இறங்கி, அவர்கள் சாப்பிடுகிற கொட்டிலுக்குப் போய் உட்கார்ந்தேன். கதை நின்றது. ஒருவர் பின் ஒருவராகக் கை கழுவ எழும்பினார்கள். பாதிச் சோறோடு எழும்பியவனும் இருந்தான். மேலே போனாலும் தனி, கீழே வந்தாலும் தனி.

வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது என்று அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தேன். கனடாவில் மருமகனுக்கு வேலை போய் மூன்று மாதம். மனைவிக்கு முதல் நாளே தெரியும். எனக்குச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "சொன்னா கத்துவீங்கள். பிள்ளை பாவம்," என்றாள். நான் கத்தினேன். அவள் குசினிக்குள் போனாள். கதிரையில் இருந்து யோசித்தேன். ஜெட்டியிலும் வீட்டிலும் ஒரே ஆள்தான். கெட்ட செய்தியைக் கொண்டுவருகிறவனை அடித்து அனுப்புகிற ஆள்.

போர்மனிடம் போய் நேரே கேட்டேன், புதுக் கிரேனுக்கு ஏன் என்னை எடுக்கவில்லை என்று. அவர் எனக்கு வேலை பழக்கியவர். சுற்றி வளைக்காமல் சொன்னார். "ஆர் உன்னோட கை காட்ட வருவியள் எண்டு நாலு பேரிட்டக் கேட்டனான். மூண்டு பேர் மாட்டம் எண்டவங்கள். தவம் மட்டும்தான் பேசாம நிண்டவன். பேசாம நிண்டதை ஓம் எண்டு எடுக்கேலாது."

கோபம் வந்தது. அப்போதுதான் முதல்தரம் அதைக் கவனித்தேன். முதலில் பல் இறுகும். பிறகு வலது கை மூடும். அந்த வலது கைதான் லீவரைப் பிடிக்கிற கை. யோசித்துப் பார்த்தேன். நான் கொதியோடு ஏறுகிற நாட்களில் பை லொறியில் மெதுவாக இருக்காது, தொம் என்று விழும். லொறிக்காரர்களுக்கு அது முந்தியே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

கோபத்தை விட்டுவிடு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்கே ஏலாமல் போன காரியம் அது. நான் செய்தது வேறு. அடுத்த நாள் காலை ஏணியடியில் தவத்திடம் சொன்னேன்.

"தவம், இண்டைக்குக் கொதியோட வந்திருக்கிறன். வீட்டில சண்டை. ஒவ்வொண்டையும் ரெண்டு தரம் காட்டு."

தவம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எண்டைக்கு அண்ணை கொதியில்லாம வந்தனீங்கள்?"

"எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

அதையே ஒவ்வொரு நாளும் செய்தேன். ஒரு நாள் நித்திரை இல்லை என்பேன். ஒரு நாள் ஒன்றுமில்லை, நல்லாயிருக்கிறேன் என்பேன். பக்கத்து ஜெட்டியில் புதுக் கிரேன் வேலை செய்கிற நாட்களில், "கண் அங்க போகும், பாத்துக்கொள்" என்பேன். அதுவும் உண்மை. ஆசை பெரிய ஆபத்து. பை பாதி வழியில் இருக்கும்போது என் கண் அந்தக் கிரேனின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்ளும். யார் ஓட்டுகிறான், எப்படி ஓட்டுகிறான் என்று பிழை பிடிக்கும். அந்த மூன்று விநாடி கீழே நிற்கிறவனுடைய மூன்று விநாடி. அந்தக் கிரேன் எனக்கு வரப்போவதில்லை என்று ஒருநாள் கூட என் மனம் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ளாத மனத்தோடுதான் வேலை செய்தேன். தவத்துக்கு அது தெரிந்திருந்தது. அது போதும்.

கொட்டிலில் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். வானிலை. நான் ஏணியடிக்கு வந்தால் ஒருத்தன் தவத்தைக் கேட்பான், "என்னவாம் இண்டைக்கு? மழையோ?" தவம் முகத்தை மாற்றாமல், "பலத்த காத்து. கடலுக்குப் போறவை கவனம்," என்பார். சிரிப்பார்கள். எனக்குப் பல் இறுகும். பல் இறுகுகிறது என்று எனக்குத் தெரியும். ஏறிவிடுவேன். பகிடி செய்கிறவர்கள் பயப்படவில்லை என்று ஒரு நம்பிக்கை. ஆனாலும் யாரும் கை விரிக்கவில்லை. மாதங்கள் போயின.

ஒரு நாள் முற்பகல், மறுபடியும் உரம். ஜெட்டியில் ஏழெட்டு லொறி வரிசையாக நின்றது, கப்பலும் அவசரப்பட்டது. அன்றைக்கு வானிலையும் சரியில்லை, தவத்திடம் சொல்லியிருந்தேன். பை லொறிக்கு மேலே வந்து பாதி இறங்கியிருந்தது. தட்டில் நின்ற சலீம் இரண்டு கையையும் விரித்தான். இந்த முறை முழுதாக. தோளுக்கு நேரே, விரல் நுனி வரை.

நிறுத்தினேன். இரண்டு கையையும் லீவரிலிருந்து எடுத்து மடியில் வைத்தேன்.

பையைப் பார்த்தேன். கிழிசல் இல்லை. கொக்கியைப் பார்த்தேன். பையின் நாலு வாரும் சரி. தட்டில் ஒருவனுடைய காலும் மாட்டவில்லை. தவம் லொறியைச் சுற்றி ஓடினார், குனிந்து சில்லுக்குக் கீழே பார்த்தார், என்னைப் பார்த்துக் கையை மலர்த்தினார். சலீம் அப்படியே நின்றான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நேரே என்னைப் பார்த்தபடி. கப்பல் அதிகாரி கத்தத் தொடங்கினான். ஹோர்ன்கள். பல் இறுகியது. வலது கை மடியில் மூடியது. வாயில் என்னென்ன வந்தது என்று எழுதினால் இதை அச்சில் போட மாட்டார்கள். அவன் கையை இறக்கவில்லை. நான் லீவரைத் தொடவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. மூன்று நிமிடம் இருக்கலாம். என் வேலைக் காலத்தில் அவ்வளவு நீளமான மூன்று நிமிடம் இல்லை.

பிறகு சலீம் கையை இறக்கினான். தவம் இறக்கு என்று காட்டினார், இரண்டு தரம். பையை இறக்கினேன்.

தேத்தண்ணி நேரம் கீழே வந்து அவனிடம் போனேன்.

"என்ன கண்டனி?"

"ஒண்டுமில்ல."

"பிறகேன் காட்டினனி?"

"நிப்பாட்டுவீங்களா எண்டு பாத்தன்."

கொட்டிலில் எல்லோரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். போர்மனும் நின்றார். ஒரு கப்பலை மூன்று நிமிடம் நிறுத்திவைத்து என்னைச் சோதித்திருக்கிறான். அவனைப் பற்றி மேலே எழுதிக்கொடுக்க எனக்கு உரிமை இருந்தது.

"நிப்பாட்டினனான்தானே," என்றேன்.

"ஓம். நிப்பாட்டினீங்க."

அவ்வளவுதான் கதை. அவன் போய்த் தன் ஆட்களுக்குள் உட்கார்ந்தான். என்னைக் கூப்பிடுவான் என்று நினைத்தது உண்மை. கூப்பிடவில்லை. நின்றபடியே பிளேன்ரீயைக் குடித்துவிட்டு மேலே ஏறினேன். ஓய்வு பெறும்வரை அவர்களோடு நான் ஒரு வேளை சோறு சாப்பிட்டதில்லை. யோகனின் வீட்டுக்கு நாலு தரம் போனேன். நாலு தரமும் அவனுடைய மனைவி வாசலிலேயே வைத்துக் கதைத்து அனுப்பினாள். இப்போது என் மனைவியும் மகளோடு கனடாவில். நான் பாலையூற்றில் தனியே. தொலைபேசி வந்தால் முதலில் இன்றைய வானிலையைச் சொல்லிவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்கிறேன். மகள் சில விஷயங்கள் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். திருந்தினால் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். கிடைக்காது. நீங்கள் திருந்துவது கீழே நிற்கிறவனுக்காக.

சலீம் என்னைச் சோதித்த அடுத்த கிழமை ஐந்து தரம் கை விரித்தார்கள். ஐந்தும் ஐந்து பேர். நாலு தரம் ஒன்றுமில்லை. ஒருவன் கயிற்றின் நிழலைக் கண்டு பயந்திருந்தான், ஒருவன் சும்மா என்னைப் பார்க்கத்தான் விரித்தான் என்று நினைக்கிறேன். நாலு தரமும் நிறுத்தினேன், நாலு தரமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது தரம் காட்டியது ஜெட்டி கூட்டுகிற மனிசி. விளக்குமாற்றையும் சேர்த்துப் பிடித்தபடி இரண்டு கையையும் விரித்தார். நிறுத்தினேன். பை வந்து இருக்க வேண்டிய லொறிக்குப் பின்னால், பை வருகிற வழிக்கு நேர் கீழே, எனக்கும் தவத்துக்கும் தெரியாத மூலையில், வேறு ஜெட்டியிலிருந்து வந்த ஒரு ஆள் குனிந்து தன்னுடைய செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். தேடி எடுத்தான். காலில் மாட்டினான். மேலே பார்க்காமல் போய்விட்டான்.